பச்சைப்பால், பச்சைச் சாணி: பார்த்ததைச் சொல்லுங்க

டயகமப் பக்கம்
கறந்த சூட்டோட நுரை தள்ளுற பாலை அப்படியே டம்ளர்ல மொண்டு பிள்ளைக்குக் குடுக்கிறது இன்னும் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் பக்கம் நடக்குது. போன வாரம் பார்த்தது கண்ணுலயே நிக்குது. டம்ளரைக் கழுவினது கொட்டில் ஓரத்துப் பீலியில (ஊத்துத் தண்ணி விழுற குழாய்). அந்தப் பீலிக்கு மேல்பக்கம்தான் பசு சாணி போட்டு நிக்குது. கேட்டா, "மடியில இருந்து நேரா வருது, இதுல என்ன கிருமி?"

நோயில்லாத மடிக்குள்ள பால் ஓரளவு சுத்தம்தான். காம்பை விட்டு வெளிய வந்த பிறகு வால், தொடை, கை, வாளி எல்லாம் சேர்ந்துக்குது. மடி நோய் இருந்தா உள்ளயே கெட்டுப்போயிடும், பல நேரம் வெளிய ஒரு வீக்கமும் தெரியாது. முதல் மூணு பீச்சை வாளியில விடாம கறுப்புத் துணி மேல விட்டுப் பாருங்க. திரி திரியா வந்தாலோ தண்ணியா வந்தாலோ அந்தக் காம்பு சரியில்லை. சந்தேகம்னா அரை லீட்டர் தண்ணியில துணி துவைக்கிற தூள் 6 தேக்கரண்டி கரைச்சு, அதுவும் பாலும் சம அளவு ஊத்தி ஒரு நிமிசம் சுத்துங்க. கொழகொழன்னு கட்டினா மடி நோய். நாலு காம்புக்கும் தனித்தனி கிண்ணம் வேணும். ஒண்ணாக் கலந்து பார்த்தா நல்ல காம்புப் பால் கெட்டதை மறைச்சிடும்.

வெலிமடை 64
தலைமுறை தலைமுறையா குடிச்சதுதானே. காய்ச்சினா சத்துப் போயிடும், மணமும் போயிடும். புல்லு தின்கிற மலைநாட்டு மாட்டுப் பாலுக்கு, பால்மா பைக்கட்டைக் கரைச்சுக் குடிக்கிறவங்க பாடம் எடுக்க வேணாம்.

கந்தப்பளை கொட்டில்
அண்ணே, கோவிக்காதீங்க. காய்ச்சினா கல்சியம் போகாது, புரதமும் போகாது. விற்றமின் சி குறையும், ஆனா பால்ல அது இருக்கிறதே கொஞ்சம். மணம் மாறுறது உண்மைதான், அதை ஒத்துக்கிறேன்.

பயப்பட வேண்டியது கன்று வீச்சு நோய்க்கு (புரூசெல்லோசிஸ், மாட்டுக்குக் கரு கலைஞ்சு விழுற நோய்). சினை 5 மாசம் தாண்டி கன்னு வீசின மாடு அதுக்கப்புறம் பார்க்க நல்லாத்தான் இருக்கும், பாலும் குடுக்கும். அந்தப் பாலைப் பச்சையாக் குடிச்சா மனுசனுக்கு வர்ற காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கும், ராத்திரி வேர்த்துக் கொட்டும், இடுப்பும் மூட்டும் வலிக்கும். மருந்து குறைஞ்சது ஆறு வாரம். நஞ்சுக்கொடியை வெறுங்கையில எடுத்தாலும் ஒட்டும். உறை போட்டு எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழமாப் புதைங்க, நாய் தோண்டாத ஆழத்துல.

"நுவரெலியாவுல தண்ணியே 100 பாகைக்கு முந்தியே கொதிச்சிடுது, கிருமி சாகுமா?"ன்னு கேட்கிறவங்க இருக்காங்க. அந்த உயரத்துல கொதிநிலை ஏறக்குறைய 94 பாகை. பாலுக்கு 72 பாகையில 15 வினாடியே போதும், அதனால கவலை இல்லை. தப்பு நடக்கிறது வேற இடத்துல. ஓரம் கொதிச்சு ஆடை மேல எழும்புது, உடனே அடுப்பை அணைக்கிறாங்க. கரண்டியால கிளறிக்கிட்டே ரெண்டு நிமிசம் கொதிக்க விடுங்க. பிறகு மூடி, சட்டியோட பீலித் தண்ணியில உக்கார வைச்சு ரெண்டு தடவை தண்ணி மாத்துங்க. எல்லாம் சரியாச் செஞ்சிட்டு, காய்ச்சின பாலைத் திரும்பவும் பச்சைப்பால் இருந்த அதே கேன்ல ஊத்துற வீடு நிறைய இருக்கு!

ஊவாக் கரை
பாலுக்கு இவ்வளவு சண்டை போடுறவங்க கொஞ்சம் வல்லாரைப் பாத்தியையும் எட்டிப் பாருங்க. காலையில சாணி கரைச்சு ஊத்துறாங்க, மறுநாள் அதே இலையைப் பிடுங்கி ரெண்டு அலசு அலசி, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டுச் சம்பல். பச்சைப்பால்ல பயப்படுற கிருமியில நிறைய மாட்டுக் குடல்ல இருந்துதான் வருது, சாணியிலயும் அதேதான் இருக்கு. பாலையாவது காய்ச்சுறோம், சம்பலை யார் காய்ச்சுறா?

பச்சையாத் திங்கிற இலை, கிழங்குக்குச் சாணி போட்டா அறுவடைக்கு முந்தி 120 நாள் இடைவெளி வேணும். வல்லாரைக்கு அது நடக்காது, அதனால மக்கினது மட்டும்தான். குவியல் நீளம், அகலம், உயரம் மூணும் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது, சின்னக் குவியல் நம்ம குளிர்ல சூடே ஏறாது. நடுவுல இரும்புக் கம்பியைச் சொருகி பத்து நிமிசம் கழிச்சு உருவிப் பிடிங்க. கை சுட்டு விட்டுட்டா 55 பாகை கிட்ட இருக்குன்னு வைச்சுக்கலாம். அந்தச் சூடு மூணு நாளாவது நிக்கணும், பிறகு வெளிப்புறம் உள்ளே போற மாதிரிப் புரட்டணும். மழைக்கு மேல பொலித்தீன் போடலைன்னா சத்தெல்லாம் கானோட போயிடும். கரட் பாத்திக்குப் பச்சைச் சாணி போட்டா ரெண்டு கால் முளைச்ச கரட்தான் வரும்.

ராகலை கோவா
கேட்காம சொல்றேன், பொறுத்துக்கோங்க. சாணி மட்டும் போதும்னு இலங்கையில 2021 இரசாயன உரத் தடை நேரம் நிறையப் பேர் நம்பினாங்க. ஒரு கிலோ யூரியாவுல 460 கிராம் நைதரசன். பச்சைச் சாணியில கிலோவுக்கு 5 கிராம் அளவுதான். கணக்குப் போட்டா ஒரு கிலோ யூரியாவுக்கு ஈடு 90 கிலோ சாணி, சுமக்கிறது யாரு?

அதை விட முக்கியம் மண் புளிப்பு. தேயிலை இருந்த மண்ணுல பிஎச் 4.5, 5தான் இருக்கும். தேயிலைக்கு அது இஷ்டம், கோவாவுக்கு (முட்டைக்கோஸ்) ஆகாது. மத்தியானம் வாடி, சாயந்திரம் நிமிர்ந்து நிக்கிற கோவாவைப் பிடுங்கிப் பாருங்க. வேர் வீங்கி இஞ்சிக் கிழங்கு மாதிரி இருக்கும். அது வேர் முடிச்சு நோய் (club root), பத்து வருசத்துக்கு மேலயும் மண்ணுல கிடக்கும். நடுறதுக்கு மூணு வாரம் முந்தி புளிப்பைக் குறைக்கிற டொலமைட் சுண்ணாம்புத் தூள் சதுர மீட்டருக்கு 200 கிராம் தூவிக் கொத்துங்க. சாணியோட, யூரியாவோட ஒரே நாள்ல கலக்காதீங்க, நைதரசன் ஆவியாப் பறந்திடும். அடுத்த போகம் உருளைக்கிழங்குன்னா அந்தப் பாத்திக்கு டொலமைட் வேணாம், தோல்ல சொறி விழும். நோய் வந்த இடத்துல நோக்கோல் (நூல்கோல்), ராபும் (முள்ளங்கி) போடாதீங்க, எல்லாம் கோவாவோட ஒரே குடும்பம். போஞ்சி, லீக்ஸ், கரட்னு மாத்திக்கிட்டே போங்க.

வீங்கின வேரை மாட்டுக்குப் போடுறதுதான் பெரிய தப்பு. அந்த நோயோட வித்து மாட்டுக் குடல்ல சாகாது. சாணியோட வெளிய வந்து, அடுத்த வீட்டுத் தோட்டம் வரைக்கும் போயிடும்.

வெலிமடை 64
அப்ப கோவா இலையுமா போடக் கூடாது?

ராகலை கோவா
மண் ஒட்டாத மேல் இலை போடலாம் அண்ணே. கறந்த பிறகு போடுங்க. கறக்க முந்திப் போட்டா பால் கோவா நாத்தம் அடிக்கும், அதைக் காய்ச்சினாலும் முழுசாப் போகாது.