வில்லுப்பாட்டு முதல் மெட்டல் வரை: ஒரே ஹெட்போன் போதுமா?

வடசேரி, நாகர்கோவில்

எல்லாப் பாட்டும் கேட்கிறவனுக்கு எது நல்லது என்று கடையில் கேட்டால், பெட்டியில் 'பேஸ் பூஸ்ட்' (அடிச்சத்தத்தைக் கூட்டித் தருவது) என்று எழுதியிருப்பதைத்தான் முதலில் நீட்டுவார்கள். புதுப் படப்பாட்டுக்கு அது ஓடிவிடும். கோயில் கொடை விழாவில் பதிவு செய்த வில்லுப்பாட்டைப் போட்டுப் பாருங்கள், சாயம் வெளுத்துவிடும். குடத்தின் வாயில் விழும் ஒவ்வொரு அடியும் வீங்கிப்போய், புலவர் சொல்லும் கதையை மூடிவிடும். வீசுகோல் நாணில் படும்போது வில்லில் கட்டிய மணிகள் குலுங்குமே, அது எங்கோ பக்கத்து ஊரில் குலுங்குவது மாதிரி மெலிந்து கேட்கும்.

அதனால் நான் முதலில் பார்ப்பது குரலைத்தான். பாடகர் குரல், நாதஸ்வரம், வயலின், கிட்டார் எல்லாவற்றுக்கும் உயிர் நடுப்பகுதியில்தான், அதாவது அடிச்சத்தத்துக்கும் கீச்சுச் சத்தத்துக்கும் இடையில்தான் இருக்கிறது. அது சரியாக இருந்தால் எந்த ஊர் இசையும் அதில் நிற்கும். பேஸ் கொஞ்சம் குறைந்தால் ஈக்வலைசரில் (அடி, நடு, மேல் சத்தங்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) கூட்டிக்கொள்ளலாம். நடுவில் குழி விழுந்த ஹெட்போனை நிமிர்த்துவது பெரும்பாடு.

கடுமையான பரீட்சை நாதஸ்வரம். நம் காதுத் துளையே 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சத்தத்தை இயல்பாகக் கூட்டிக் கொடுக்கும். ஹெட்போனும் அதே இடத்தில் துருத்திக்கொண்டு நின்றால், காதுக்குள் குத்தும். அங்கே இரண்டு மூன்று டெசிபல் இறக்கினால் சரியாகிவிடும். மெட்டல் என்கிற அதிரடி ராக் இசைக்குச் சோதனை வேறு. இரண்டு காலாலும் அடிக்கும் டபுள் பேஸ் டிரம் அடிகள் ஒரே உறுமலாகக் குழையாமல் தனித்தனியாக விழணும். மெட்டல் பிடிக்காதவர்கள் கேரளத்துச் சிங்காரி மேளத்தைப் போட்டுப் பார்க்கலாம், அதில் அடிக்கும் செண்டையும் அதே வேலையைச் செய்யும்.

என்னிடம் இருப்பது ஆடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ். காதுக் கிண்ணத்தின் வெளிப்புறம் மூடிய வகை, மின்தடை 38 ஓம்தான், போனிலேயே நன்றாக ஓடும். பேஸ் கொஞ்சம் தூக்கல், இறக்கி வைத்திருக்கிறேன். மச்சானிடம் சென்ஹைசர் எச்டி 600 இருக்கிறது, 1997-இல் வந்த மாடல். குரல் என்றால் அதுதான் குரல். ஆனால் 300 ஓம்; போனில் செருகினால் முனகும், சத்தத்தைப் பெருக்கும் தனி ஆம்ப் வேண்டும். திறந்த வகை வேறு. நாம் கேட்கிற பாட்டைப் பக்கத்தில் இருப்பவரும் கேட்பார், நாம் அடுக்களை மிக்ஸியையும் சேர்த்துக் கேட்கலாம். அடிமட்ட பேஸும் குறைவு, கானா பிரியர்களுக்குப் பசி அடங்காது. எங்கள் வீட்டுச் சத்தத்துக்கு மூடியதுதான் சரி.

மார்த்தாண்டம்

அண்ணா, நான் சர்ச் கொயரில் ஆல்டோ, பெண் குரல்களில் கீழ்க்குரல். பயிற்சிக்கு நாலு குரலும் சேர்ந்த பதிவு வரும். மேல்குரலான சொப்ரானோ மேலே போனாலும் என் வரியைக் காதால் பிடித்துக்கொண்டே போக முடிகிறதா என்பதுதான் என் சோதனை.

வேலைக்குத் திருவனந்தபுரம் போய்வருகிறேன், பஸ்ஸில் பெரிய ஹெட்போன் சரிப்படாது. வெளிச்சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் உள்ள, காதுக்குள் செருகும் பட்ஸ் வாங்கினேன். இன்ஜின் உறுமலை நன்றாக அடக்குகிறது. கண்டக்டர் விசிலையும் பின்சீட்டுக் குடும்பக் கதையையும் அந்த அளவுக்கு அடக்காது, அது எந்த கம்பெனிக்கும் பொது. எனக்கு முக்கியமான லாபம், சத்தத்தைக் கூட்டாமலே கேட்க முடிவது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்டால் 80 டெசிபலைத் தாண்டாதே என்கிறது உலக சுகாதார நிறுவனம். பஸ் சத்தத்துக்கு மேலே பாட்டை ஏற்றினால் அதைத் தாண்டுவது ரொம்ப சுலபம்.

இன்னொன்று. பேஸே இல்லை என்று பட்ஸைத் திட்டுவதற்கு முன் அதன் முனை ரப்பரை வேறு அளவுக்கு மாற்றிப் பாருங்கள். காதில் இறுக்கமாக உட்காராவிட்டால் பேஸ் மொத்தமும் வெளியே போய்விடும். எனக்கு வலது காதுக்கு மீடியம், இடதுக்கு லார்ஜ்.

குலசேகரம்

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன் நான். விடியுமுன்னே தோட்டத்தில் நிற்கணும். தலையில் லைட் பெல்ட் இருக்கும், அதுக்கு மேல ஹெட்போன் எங்கே உட்காரும்? காதை அடைக்கிற எதுவும் எனக்கு ஆகாது. காட்டுப்பன்றி வந்தால் சருகு சத்தம் கேட்கணும், மக்கா. கன்னத்து எலும்பில் ஒட்டி நிற்கிற வகை, போன் கண்டக்‌ஷன் என்கிறார்களே, அதைத்தான் போடுகிறேன். பேஸ் இல்லை, தவில் தகரம் மாதிரி. ஆனால் பழைய மலையாளப் பாட்டும் பேச்சும் தெளிவாக வரும். தவிலுக்கு வீட்டில் ஸ்பீக்கர் இருக்கிறது.

குளச்சல்

கடற்கரையில் இருப்பவர்கள் இதையும் பார்த்து வாங்குங்க. இங்குள்ள ஈரத்துக்கும் வேர்வைக்கும் செயற்கைத் தோல் குஷன் சீக்கிரம் உரிந்துவிடும். காதோரமெல்லாம் கறுப்புத் தூளோடு சந்தையில் நின்றால் எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மாற்று குஷன் கிடைக்கிற மாடலா என்று வாங்குமுன் விசாரிக்கணும். நான் வெல்வெட் மாதிரித் துணி குஷன் போட்டேன். வேர்க்கவில்லை, ஆனால் பேஸ் கொஞ்சம் இறங்கிவிட்டது. குஷன் மாறினால் சத்தமும் மாறும் என்று விற்றவர் சொல்லவே இல்லை.

வடசேரி, நாகர்கோவில்

குளச்சல்காரர் சொன்னது சரி, துணி வழியாக பேஸ் கசியும். ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். கடைக்குப் போகிறவர்கள் சொந்தப் போனையும் சொந்தப் பாட்டையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் டெமோ பாட்டில் எதுவும் நன்றாகத்தான் கேட்கும். இரண்டை ஒப்பிடும்போது ஒரே அளவு சத்தத்தில் வைத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் சத்தம் கூடியதே உசத்தி என்று காது சொல்லும்.