அம்மம்மாவின் பொட்டு எங்கே போனது? பெரிய கமரா, லென்ஸ், பிலிம்: அனுபவப் பகிர்வு

குளக்கட்டு (வட்டக்கச்சி):

கனடாவில் இருக்கிற மச்சான் போன ஆவணியில் வந்தபோது ஒரு மரக் கமராவும் 150 மி.மீ. லென்ஸ் ஒன்றும் கொண்டுவந்து தந்தார். நாலுக்கு ஐந்து அங்குலத் தாள் பிலிம் போடுகிற கமரா. "வீட்டில சும்மா கிடக்குது, நீயாவது பாவி" என்றார். நான் கலியாண வீடுகளில் டிஜிட்டலில் படம் எடுக்கிற ஆள். துருத்தி வைத்த கமராவைத் தூரத்தில் பார்த்ததோடு சரி.

முதல் படம் அம்மம்மாதான் என்று முடிவெடுத்தேன். 2009க்கு முந்திய அல்பம் ஒன்றும் எங்கள் வீட்டில் மிஞ்சவில்லை. அம்மம்மாவின் படம் என்று இருப்பது அடையாள அட்டையில் ஒட்டிய முத்திரை அளவுப் படம் ஒன்றுதான்.

விறாந்தையில் கதிரையைப் போட்டு அம்மம்மாவை இருத்தினேன். முகமும் தோளும் பிலிமை நிறைக்க வேண்டும் என்று கிட்டக் கிட்டப் போனால், 150க்கு அது லென்ஸிலிருந்து 90 சென்ரிமீற்றர். "ஏன்ரா தம்பி, என்ர மூஞ்சிக்குள்ளயே வாறாய்?" என்று கேட்டார். கழுவிப் பார்த்தபோது அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மூக்கு முன்னுக்கு வந்து, காது இரண்டும் பின்னுக்கு ஓடி, யாரோ ஒரு கோபக்காரக் கிழவி. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் 12 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். 90இல் 12 பெரிய பங்கு. இரண்டு மீற்றரில் அது ஒன்றுமே இல்லை. முகத்தைக் கெடுத்தது லென்ஸ் அல்ல, நான் நின்ற இடம். ஆனால் எங்கே நிற்பது என்பதை லென்ஸ்தான் தீர்மானிக்கிறது.

பிறகு கணக்குப் போட்டேன். முகமும் தோளுமாக 60 சென்ரிமீற்றர் உயரம், பிலிமில் 12 சென்ரிமீற்றர். ஐந்தில் ஒரு பங்கு. இதே படத்துக்கு 210 மி.மீ. லென்ஸ் என்றால் 126 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கலாம், 300 என்றால் 180. அப்போ 300தானே நல்லது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 300ஐ இந்தத் தூரத்தில் குவியப்படுத்த லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையில் 36 சென்ரிமீற்றர் வேண்டும். என் துருத்தி இழுத்துப் பிடித்தாலும் 31க்கு மேல் போகாது. 210க்கு 25 போதும். ஆகவே 210. லென்ஸ் வாங்குவதற்கு முன் துருத்தியை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

210 எப்/5.6 ஒன்று (எப்/ என்பது லென்ஸின் வாய் திறக்கிற அளவு, எண் குறைந்தால் வாய் பெரிது) வெளிநாட்டில் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். "எல்லா வேகமும் சரி" என்று எழுதியிருந்தார். ஷட்டரை 1/8 செக்கனுக்கு வைத்து அடித்தால் 'ஸ்ஸ்ஸ்...' என்று இழுத்துக்கொண்டே போகிறது. போனில் செக்கனுக்கு 240 பிரேம் ஓடுகிற வீடியோவில் பிடித்து எண்ணினேன். 30 பிரேம் வர வேண்டிய இடத்தில் 110. அதாவது அரைச் செக்கன் அளவில் ஷட்டர் திறந்தே கிடக்கிறது. கொழும்பில் ஒருவரிடம் கொடுத்துக் கழட்டித் துடைத்த பிறகுதான் அது கமராவானது.

இன்னும் இரண்டு அடி வாங்கினேன். ஒன்று, துருத்தி நீள நீள வெளிச்சம் குறையும் என்பதை மறந்தது. துருத்தியின் 252 மி.மீ.ஐ லென்ஸின் 210ஆல் பிரித்தால் 1.2, அதன் வர்க்கம் 1.44. அரை ஸ்டொப் கூடக் கொடுக்க வேண்டும் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). மற்றது குவியம். இந்தக் கிட்டத்தில் எப்/5.6இல் தெளிவாக வருவது 3 சென்ரிமீற்றர் ஆழம்தான். கண்ணுக்குக் குவியம் வைத்து, கறுப்புத் துணியை விட்டு வெளியே வந்து, பிலிம் ஹோல்டரைச் செருகி, பிலிமை மூடிய தகட்டை இழுப்பதற்குள் அம்மம்மா வெற்றிலைத் துப்பலுக்கு ஒருக்கால் படிக்கத்துக்குக் குனிந்து நிமிர்ந்துவிட்டார். கண் போய் கழுத்துச் சங்கிலி பளிச்சென்று வந்தது. இப்போது கமராவின் முன் பலகையில் ஒரு நூல் கட்டி வைத்திருக்கிறேன். முடிச்சு அவரின் கண்ணோரத்தைத் தொடுகிற இடத்தில் குவியம். அடிப்பதற்கு முன் நூலை இழுத்து முடிச்சுத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையை விடுகிறேன்.

பிலிம் இல்போர்ட் எச்பி5 பிளஸ், 400. 25 தாள் பெட்டி, அதுவும் மச்சான் கையில் கொண்டுவந்தது. விமான நிலையத்தில் பிலிமைக் கெடுக்கிற புதிய சிற்றி (CT) ஸ்கானருக்குள் விடாமல் கையால் பார்க்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும்.

நல்லாய் வந்த முதல் படத்தை அம்மம்மா கண்ணாடி போட்டு வெகுநேரம் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு. என்ர பொட்டெங்க?"

உண்மைதான். அம்மப்பா இருக்கும்வரை அந்தக் குங்குமம் காசளவில் இருந்தாக வேண்டும், அன்றைக்கும் இருந்தது. படத்தில் நெற்றி ஒரே சாம்பல். தேடிப் பார்த்தால் ஒரு நிழல் மாதிரி. இதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?

பழைய நெகடிவ் (வவுனியா):

தம்பி, சிரித்துவிட்டேன். 1980களில் இங்கே ஒரு ஸ்ரூடியோவில் உதவியாளாக நின்றவன் நான். ஐயா அரைப் பிளேட் கமரா வைத்திருந்தார், நாலேமுக்காலுக்கு ஆறரை அங்குலம். பொட்டுப் பிரச்சினை அவருக்கும் இருந்தது.

உங்கள் பிலிம் எல்லா நிறத்தையும் பார்க்கிறது. சிவப்பையும் பார்க்கிறது. எங்கள் மண்ணிறத் தோலும் குங்குமச் சிவப்பும் அதன் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே சாம்பல், அதனால் பொட்டுத் தோலுக்குள் ஒளித்துக்கொள்கிறது. பழைய ஓர்த்தோ பிலிமுக்குச் சிவப்புத் தெரியாது. அதில் குங்குமம் கரிப்பொட்டாக வரும். அந்தக் காலத்துப் படங்களில் அம்மாமாரின் பொட்டு அப்படிக் கறுப்பாக நிற்பதன் கதை இதுதான். ஐயா பிற்காலத்தில் என்ன செய்தார் என்றால், பிரின்ரில் மெல்லிய தூரிகையால் பொட்டை வைத்துவிடுவார். சிலருக்குக் கேளாமலே கொஞ்சம் பெரிதாகவும் வைப்பார்.

உங்களுக்கு மலிவான வழி மஞ்சள்-பச்சை வடிகண்ணாடி. 11ஆம் இலக்கம் என்று சொல்வார்கள். சிவப்பை அமுக்கும். இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தையும் தின்னும்.

லென்ஸைப் பற்றி ஒரு சொல். உங்கள் 210 நவீனமான ஆறு கண்ணாடி என்று நினைக்கிறேன். எண்பது வயது முகத்தை அது சுருக்கம் சுருக்கமாக எண்ணிக் கொடுக்கும். எங்கள் ஐயாவிடம் இருந்தது டெஸார் வகை. 1902இல் செய்ஸ் கம்பனியில் போல் ருடோல்ப் வரைந்த நாலு கண்ணாடி அமைப்பு. முழுக்கத் திறந்தால் ஓரம் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், நடுவில் கண் நிற்கும். கிழவிமாருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. பெற்ஸ்வால் என்று 1840இல் வந்த ஒரு வகைக்கு இப்போது பிள்ளைகள் காசைக் கொட்டுகிறார்கள், பின்னணி சுழன்றுகொண்டு வரும். முதல் படத்துக்கு வடிவு. பத்தாவது படத்தில் தலை சுற்றும்.

மிச்சச் சுருக்கத்தைப் பென்சில் பார்த்துக்கொள்ளும். நெகடிவில் சுருக்கம் வெளிறிய கோடாகத் தெரியும். சாய்வு மேசையில் கண்ணாடியால் வெளிச்சம் ஏற்றி, ஊசி மாதிரித் தீட்டிய பென்சிலால் கொமா போடுகிற மாதிரித் தொட்டுத் தொட்டு நிரப்ப வேண்டும். கோடாக் ட்ரை-எக்ஸ் 320 தாள் பிலிமில் இதற்கென்றே பென்சில் பிடிக்கிற மேற்பரப்பு வைத்திருக்கிறார்கள். முழுக்க அழித்துவிடாதீர்கள். ஐயா ஒருமுறை ஒரு விதானையாரின் முகத்தை இருபத்தைந்து வயதாக்கி, அவர் காசு தராமல் போனார்.

இன்னொன்று, வெளிச்ச மீற்றர் கறுத்த முகத்தைச் சாம்பலாக்கத்தான் பார்க்கும், வெள்ளைச் சீலையையும் சாம்பலாக்கத்தான் பார்க்கும். முகத்தடியில் வைத்து விழுகிற வெளிச்சத்தை அளக்கிற மீற்றர்தான் எங்கள் ஆட்களுக்குச் சரி. வெள்ளை வேட்டி வெந்துபோகிறது என்றால் டெவலப் நேரத்தைக் கொஞ்சம் குறையுங்கள், முகத்தின் வெளிச்சத்தில் கை வைக்காதீர்கள்.

தாழைமடல் (முல்லைத்தீவு):

அண்ணை சொன்ன சிவப்புத் தெரியாத பிலிமை நான் வேறு வழியில் சந்தித்தேன். எக்ஸ்ரே பிலிம். திகதி முடிந்த எட்டுக்குப் பத்து அங்குலப் பெட்டி ஒன்று சும்மா கிடைத்தது, பச்சைக்கு உணர்வுள்ள வகை. சிவப்புப் பல்ப்பு வெளிச்சத்திலேயே வெட்டலாம், கழுவலாம், படம் ஏறி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தச் சந்தோசத்துக்கு விலை இல்லை.

நாலாக வெட்டினால் நாலுக்கு ஐந்து சரியாக வரும், ஆனால் ஹோல்டருக்குள் போகாது! உண்மையான தாள் பிலிம் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் சின்னது. முதல் நாள் முழுக்க ஹோல்டரோடு மல்லுக்கட்டினேன். இரண்டு பக்கமும் மருந்து பூசியிருப்பதால் தட்டின் அடி பட்டுக் கீறல் வேறு. தட்டுக்குள் ஒரு கண்ணாடித் துண்டைப் போட்ட பிறகு குறைந்தது.

பெரியம்மாவின் பொட்டு அட்டகாசமாக வந்தது. கடலுக்குப் போய் வெயிலில் காய்ந்த பெரியப்பாவின் முகம் கரி. "பிள்ளை, என்னை அடுப்புக்குள்ளால எடுத்தனியோ?" என்று கேட்டார். பொட்டுக்காக ஆளைத் தொலைக்கிற பிலிம் இது என்பது என் முடிவு. மிச்சத்தைப் பரிசோதனைக்கு வைத்திருக்கிறேன், ஆட்களுக்கு இல்லை.

பாலைநிழல் (மடு வீதி):

லென்ஸ் பற்றி எனக்குத் தெரியாது, 210 டெஸார் ஒன்றோடு சந்தோசமாக இருக்கிறேன். தண்ணீரைப் பற்றி மட்டும். எச்பி5ஐக் கழுவ ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்தால் 13 நிமிடம் என்று போட்டிருக்கும், அது 20 பாகைக்கு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் பங்குனியில் 29. அப்படியே செய்தால் நெகடிவ் கறுத்துப்போய் நிற்கும். கலக்காமல் சுத்த டெவலப்பர் போட்டால் நேரம் நாலு நிமிடத்துக்குக் கீழே இறங்கி வானம் திட்டுத் திட்டாக வரும். நான் பாத்திரத்தை ஐஸ் போட்ட பேசினுக்குள் வைத்து 24க்கு இறக்கி, நேரத்தை ஒன்பதரை நிமிடம் அளவுக்குக் குறைக்கிறேன். கடைசிக் கழுவலுக்கு மழைத் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் என்றால் கேத்தலுக்குள் படிகிற அதே வெள்ளை பிலிமிலும் படியும். சோளகம் வீசுகிற மாதங்களில் குளித்து முடித்த குளியலறைதான் காயவைக்கிற இடம், தூசி நனைந்து கீழே கிடக்கும்.

குளக்கட்டு (வட்டக்கச்சி):

எல்லோருக்கும் நன்றி. 11ஆம் இலக்கம் வந்துசேர ஐந்து கிழமை ஆனது. விறாந்தையில் இரண்டு ஸ்டொப் போனால் 1/8க்கு இறங்க வேண்டும், அம்மம்மா அவ்வளவு நேரம் ஆடாமல் இருக்க மாட்டார். அதனால் கதிரையை மாமர நிழலுக்குத் தூக்கினேன். அங்கே வடிகண்ணாடிக்கும் துருத்திக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்து எப்/11, 1/15 செக்கன். பழைய நெகடிவ் அண்ணை திறந்தே எடுக்கச் சொல்வார், தெரியும். எனக்கு இரண்டு கண்ணும் தெளிவாக வேண்டும்.

ஆறு தாள் எடுத்தேன். இரண்டு தாளை இருட்டில் பின்பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன், அது தனி அவமானம். நீளப்பக்கம் நட்டமாக நிற்க, பிலிமின் ஓரத்து அடையாள வெட்டு மேலே வலது மூலையில் இருந்தால் மருந்துப் பக்கம் உங்களைப் பார்க்கிறது. இதைப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவிட்டேன், இருட்டில் வாசிக்க முடியாது என்பது பிறகுதான் உறைத்தது. ஒன்றில் கண் மூடியிருந்தது. ஒன்றில் முற்றத்துக் கோழி கதிரைக்குப் பின்னால் நடந்துபோகிறது, உண்மையில் அதுதான் எனக்குப் பிடித்த படம். மற்ற இரண்டும் சரி.

பொட்டு வந்திருக்கிறது. கறுப்பில்லை, அடர் சாம்பல், விளிம்பு கூடத் தெரிகிறது. அம்மம்மா விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு வாயைக் காட்டி, "இதென்ன, மை குடிச்ச மாதிரி?" என்று கேட்டார். வெற்றிலை போட்ட உதடும் சிவப்புத்தானே, வடிகண்ணாடி அதையும் விடவில்லை. அடுத்தமுறை வெற்றிலையைப் படத்துக்குப் பிறகு தருவதாகச் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறாராம்.

பெட்டியில் மூன்று தாள் மிச்சம். அது அம்மப்பாவுக்கு. அவர் வெள்ளிக்கிழமை சலூனுக்குப் போய் வந்த பிறகுதான் கதிரையில் இருப்பாராம்.