ராக்கர் பேனலுக்குத் தமிழ் வேண்டும்: வெள்ளிக்கிழமைக்குள்

மடல் 1: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை ஒரு கையேட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். 1967 ஃபோர்டு மஸ்டாங், 390 கன அங்குல வி8, 320 குதிரைத்திறன், கூரையை மடக்கிப் பின்னால் போடும் வகை. அமெரிக்காவில் ஒரே குடும்பத்தில் பல பத்தாண்டுகள் இருந்த வண்டியை வீட்டு ஷெட்டிலேயே வைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வழி.

எஞ்சின், பிரேக், வயரிங் எல்லாம் ஓடிவிட்டன. கன்வெர்ட்டிபிளை ‘மடிகூரைக் கார்’ என்று எழுதியிருக்கிறேன். மாட்டிக்கொண்டது ராக்கர் பேனல். கதவுக்கு அடியில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஓடுகிற பாகம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஆடுபலகை’ என்று வருகிறது. ஆடவே கூடாத பாகம் அது. நாற்பது இடங்களுக்கு மேல் வருவதால் ஒரு நல்ல சொல் தேவை.

மடல் 2: பட்டறைக்காரர்

அம்மா, நம்ம ஊர்ப் பட்டறையில் அதற்கு ‘ரன்னிங் போர்டு’ என்றுதான் பேர். அம்பாசடரோ மாருதி 800-ஓ, “ரன்னிங் போர்டு அரிச்சுப்போச்சு சார், வெட்டி மாத்தணும்” என்றுதான் டிங்கர் சொல்வார். இருக்கிற பேரை விட்டுவிட்டுப் புதுசு தேட வேண்டாம்.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். இந்த மஸ்டாங்குக்குத் தனியாகச் சேஸி, அதாவது பாரம் தாங்குகிற அடிச்சட்டம், கிடையாது, பாடியேதான் சேஸி. மூடின வண்டியில் கூரையும் சேர்ந்து பாரம் தாங்கும். இதில் கூரை துணி, அது ஒன்றும் தாங்காது. முன்னாலும் பின்னாலும் இருக்கிற பாரம் நடுவில் வண்டியை மடிக்கப் பார்க்கும். மடியாமல் பிடித்துக்கொண்டிருப்பது முக்கியமாக அந்த இரண்டு ரன்னிங் போர்டுதான். அதனால்தான் கன்வெர்ட்டிபிளுக்கு மட்டும் உள்பக்கத் தகட்டைக் கூடுதல் கனத்தில் போட்டார்கள்.

மடல் 3: தமிழாசிரியர்

‘மடிகூரை’ நல்ல வினைத்தொகை. மடிந்த, மடிகின்ற, மடியும் கூரை என முக்காலமும் பொருந்துகிறது. ஊறுகாய் போல, இடையில் ஒற்று மிகாமல் எழுதியதும் சரி. ‘ராக்கர்’ அப்படியன்று. ரகரம் மொழிமுதலில் வாராது. ‘இராக்கர்’ என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. எனவே கடனாகப் பெற்றும் பயனில்லை.

வண்டியின் அடிப்பாகத்துக்குத் தமிழில் பழஞ்சொல் உண்டு. புறநானூறு 102-இல் ஔவையார், உமணர் ‘கீழ்மரத்து யாத்த சேமஅச்சு’ என்கிறார். மேடும் பள்ளமுமான வழியில் என்ன நேருமோ என்று உப்பு வணிகர் மாற்று அச்சு ஒன்றை வண்டியின் கீழ்மரத்தில் கட்டிக்கொண்டு போனார்கள். கீழே இருந்து வண்டியைத் தாங்கும் நெடுங்கட்டைதான் கீழ்மரம். ‘ராக்கர்’ என்பதே குதிரைக் கோச்சு கட்டியவர்கள் அடிக்கட்டைக்கு வைத்த பெயர்தான். அவர்கள் மரத்தின் பெயரை இரும்புக்கு ஏற்றியபோது நாம் ஏற்றக்கூடாதா?

இன்னொன்று. சேம அச்சு இருக்கிறதென்றால் சேமச் சக்கரமும் இருக்கலாம். நாம் நாள்தோறும் சொல்லும் ‘ஸ்டெப்னி’ வேல்சு நாட்டு லனெத்லி ஊரின் ஒரு தெருப்பெயர். அந்தத் தெருவில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். ஒரு தெருவின் பெயரைச் சுமக்கிற நமக்கு ஔவையின் சொல் பாரமாகாது.

மடல் 4: டொராண்டோவிலிருந்து

ஐயா, சேமச் சக்கரம் நல்ல வடிவான சொல். ஆனால் அக்கா கேட்டது வேறை.

ரன்னிங் போர்டு எண்டால் பழைய கார்களிலை கதவுக்கு வெளியாலை நீட்டிக்கொண்டு நிக்கிற மிதிபலகை. மஸ்டாங்கிலை அது இல்லை. கையேட்டிலை அந்தச் சொல்லைப் போட்டால், வாசிக்கிற ஆள் இல்லாத சாமானைத் தேடுவார். பிரித்தானியர் இதைச் சில் எண்டுவினம், வீட்டு வாசற்படிக்கு வழங்கிற அதே சொல். எங்களுக்கும் ‘கதவுப்படி’ எண்டு வைக்கலாம்.

இங்கை குளிர்காலத்திலை றோட்டுக்கு உப்புப் போடுவினம். அந்த உப்புத்தண்ணி உள்ளுக்குப் போய், வெளியாலை பெயின்ற் மினுங்க மினுங்க உள்ளேயிருந்து கறள் பிடிக்கும். கையேட்டிலை ‘துரு’ எண்டு மட்டும் போடாமல் ‘கறள்’ எண்டும் ஒருக்கால் போடுங்கோ. ஈழத்து ஆக்களுக்கு அதுதான் சொல்.

மடல் 5: பட்டறைக்காரர்

தம்பி சொல்வது நியாயம், மஸ்டாங்கில் மிதிபலகை இல்லைதான். ஆனால் ‘படி’ என்று மட்டும் சொன்னால் மேலே ஒட்டுகிற அலங்காரத் தகடு என்று நினைத்துவிடுவார்கள். இது பெட்டி. வெளித்தகடு, உள்தகடு, நடுவில் வெற்றிடம். பேரைச் சரியாக வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

முதலில் காந்தத்தைத் தாளில் சுற்றிக் கதவடியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிடிக்காத இடத்தில் இருப்பது ஓட்டையை மூடப் பூசின பட்டி, இரும்பு இல்லை. ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகடு ‘டங்’ என்னும், அரித்தது ‘பொத்’ என்னும். அரித்திருந்தால் ஆசாமி நேராக கிரைண்டரை எடுத்து வெட்டிவிடுவார், வெறும் தகடுதானே என்று. வெட்டின நிமிஷமே வண்டி நடுவில் தொய்யும். கதவுக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற தூண்கள் மேலே ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்துவிடும். கதவின் மேல்பக்க இடைவெளி குறுகி, கீழ்ப்பக்கம் அகலும், கதவு சாத்தாது. அந்த நிலையில் புதுத் தகட்டை வெல்டிங் வைத்தால் கோணல் நிரந்தரம்.

சரியான முறை இது. முன், பின் சட்டங்களுக்கு அடியிலும் நடுவிலும் ஸ்டாண்டு கொடுத்து மட்டம் பார்க்க வேண்டும். கதவை மாட்டிச் சாத்தி, சுற்றிலும் இடைவெளி 4 முதல் 5 மி.மீ. சீராக வரும்வரை ஸ்டாண்டை ஏற்றி இறக்க வேண்டும். அதற்கப்புறம் ஒரு அங்குலச் சதுரக் குழாயைக் கதவு வாசலுக்குக் குறுக்கே, கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வெல்டிங் வைக்க வேண்டும். கதவைச் சாத்த இடம் விட்டு உள்பக்கமாக வைக்க வேண்டும். இடது வலது வாசல்களுக்கு நடுவிலும் ஒரு குழாய். பிறகு ஒரு பக்கம் மட்டும் வெட்ட வேண்டும். அது முடியாமல் மறுபக்கத்தைத் தொடக்கூடாது.

ஆகவே பேரில் ‘தகடு’, ‘பலகை’ இரண்டும் வேண்டாம். படிக்கிறவன் கை கிரைண்டருக்குப் போகும் முன் நிற்க வேண்டும்.

மடல் 6: பாலிடெக்னிக் விரிவுரையாளர்

நான் ‘படிச்சட்டம்’ என்று எழுத நினைத்தேன். ஆனால் சேஸிக்கு ‘அடிச்சட்டம்’ வழக்கில் இருக்கிறது. அடிச்சட்டம், படிச்சட்டம் என்று வகுப்பில் வாய்விட்டுச் சொன்னால் பின்வரிசைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். பட்டறை ஐயா சொன்னதிலேயே விடை இருக்கிறது: ‘படிப்பெட்டி’. வெளித்தகட்டுக்குப் ‘படிப்பெட்டி வெளித்தகடு’, மற்றதற்குப் ‘படிப்பெட்டி உள்தகடு’. ‘உட்படி’ என்று சேர்த்து எழுதினால் உட்படுதல் நினைவுக்கு வரும், அது வேண்டாம்.

அடுத்து டார்க் பாக்ஸும் வரும், இப்போதே முடித்துவிடலாம். முன்சட்டத்தையும் படிப்பெட்டியையும் இணைக்கிற பெட்டி அது. முறுக்கலை வாங்கிப் பக்கவாட்டுக்குக் கடத்துகிறது. ‘முறுக்குப் பெட்டி’ என்றால் பலகாரம் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டுப் பாடநூல் சொல் திருப்புவிசை. ‘திருப்புவிசைப் பெட்டி’ நீளம்தான், ஆனால் பிழையில்லை.

மடல் 7: தமிழாசிரியர்

படிப்பெட்டி என்றதும் படி அளக்கும் பெட்டியோ, படிக்கும் பெட்டியோ என்று மயக்கம் வரும். தாங்குவது என்ற பொருளே அதில் இல்லை. பெட்டி பொருளை வைக்கும், பாரத்தைத் தாங்காது. நம் கவலையே அது தாங்குகிறது என்பதுதானே? கீழ்மரம் வேண்டாமெனில் ‘படிவிட்டம்’ என்று வைக்கலாம்.

மடல் 8: பாலிடெக்னிக் விரிவுரையாளர்

ஐயா, விட்டம் தலைக்கு மேலே இருப்பது. மாணவருக்கோ அது வட்டத்தின் விட்டம். புதிதாகப் பெயர் கேட்பவர் இரண்டில் எதை நினைத்தாலும் வண்டியின் கீழே பார்க்க மாட்டார்.

மடல் 9: மொழிபெயர்ப்பாளர்

மூவர் படிப்பெட்டிக்கு, ஒருவர் கீழ்மரத்துக்கு. தம்பி கதவுப்படியை விட்டுக்கொடுத்துவிட்டார். படிப்பெட்டி என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும், ‘பட்டறையில் ரன்னிங் போர்டு என்பார்கள், பாரம் தாங்கும் பாகம், முட்டுக் கொடுக்காமல் வெட்டாதீர்கள்’ என்று ஒரு வரி வரும். துருவுக்குப் பக்கத்தில் கறளும் ஏறிவிட்டது. ‘சேமச் சக்கரம்’ உள்ளே போய்விட்டது ஐயா, ஸ்டெப்னியை எடுத்துவிட்டேன்.

மடல் 10: தமிழாசிரியர்

மகிழ்ச்சி. ஆயினும் கீழ்மரம் என் கட்சியாகவே இருக்கட்டும். அடுத்த பதிப்பின்போது மறுபடி கேட்பேன்.

மடல் 11: பட்டறைக்காரர்

அம்மா, அச்சுக்குப் போகும் முன் ஒன்று. வெல்டிங் பகுதியில், தகடுகள் ஒட்டும் விளிம்பில் துத்தநாக பிரைமர் அடிக்கச் சொல்லியிருக்கிறதா பாருங்கள். முடிந்ததும் பெட்டிக்குள் மெழுகு பீய்ச்ச வேண்டும். அடியில் உள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகளை மெழுகோ சீலரோ அடைத்துவிடக்கூடாது. அடைத்தால் எல்லாம் சில வருஷத்தில் திரும்ப அரிக்கும்.

மடல் 12: டொராண்டோவிலிருந்து

அக்கா, இன்னுமொண்டு. முன்கண்ணாடிக்குக் கீழை காத்து எடுக்கிற பெட்டி கறள் பிடிச்சிருந்தால், மழைத்தண்ணி அதாலை கால் வைக்கிற தரைக்குத்தான் இறங்கும். புதுத் தரை போட முன்னம் ஹோஸ் பிடிச்சு மேலாலை தண்ணி விட்டு, டாஷ்போர்டுக்குக் கீழை லைற் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ. ஆங்கிலத்திலை அதைக் கௌல் எண்டுவினம். அதுக்கு என்ன சொல் போட்டிருக்கிறியள்?