தர்மபுரியிலிருந்து வத்தல்மலை, ஒகேனக்கல், அஞ்செட்டி வழியாக ஓசூர்: மவுண்டன் பைக்கில் இரண்டு நாள், வழி சரியா?

பாப்பாரப்பட்டி பையன்:

வணக்கம். நாங்கள் மூன்று பேர். எல்லோரிடமும் ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள) மவுண்டன் பைக், 29 அங்குல சக்கரம், கியரில் முன்சக்கரத்துக்கு 32 பல், பின்னால் இருப்பதில் பெரியதற்கு 42 பல். சமதளத்தில் நூறு கிலோமீட்டர் ஓட்டுவது எங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் மலையில் இரண்டு நாள் தொடர்ந்து, உடம்பு கெஞ்சுகிற அளவுக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அதையும் வேறு எங்கோ போய்ச் செய்யாமல் நம் பக்கத்து மலைகளிலேயே செய்ய வேண்டும்.

இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம் இது. முதல் நாள் விடியற்காலை தர்மபுரியிலிருந்து வத்தல்மலை ஏறி, அதே வழியில் இறங்கி, இண்டூர், பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்த் தங்குவது. இரண்டாம் நாள் நாட்றாம்பாளையம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஓசூர். மேப்பில் பார்த்தால் அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து மேலகிரி மலைக்காட்டுக்குள் புள்ளிக்கோடாக ஒரு ஒற்றையடிப் பாதை பெட்டமுகிலாளம் வரை போகிறது. தார்ச்சாலையை விட்டுவிட்டு அதில் போனால் உண்மையான மவுண்டன் பைக் அனுபவமாக இருக்கும் என்று ஒரு நண்பன் சொல்கிறான். டிசம்பர் கடைசி வாரம் லீவு, குளிரும் இருக்கும். நேரத்தை எப்படிக் கணக்குப் போடுவது, கியர் போதுமா, அந்தப் பாதையில் போகலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேன்கனிக்கோட்டைக்காரன்:

தம்பி, ஆசை நல்ல ஆசை, தார்ச்சாலை வழியும் நல்ல வழி. புள்ளிக்கோட்டை மட்டும் இப்போதே அழித்துவிடுங்கள். அது மாடு மேய்க்கிறவர்களும் யானையும் நடந்து நடந்து விழுந்த தடம். செயற்கைக்கோள் படத்தில் கோடு மாதிரி தெரிந்ததை யாரோ மேப்பில் வரைந்து வைத்திருப்பார்கள். நேரில் போனால் பாதி இடத்தில் உன்னிச்செடி ஆள் உயரத்துக்கு மூடியிருக்கும், மீதி இடத்தில் மூங்கில். மேலகிரியின் பெரும்பகுதி 2014இல் அறிவித்த காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தில் வருகிறது, 504 சதுர கிலோமீட்டர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். பொதுச்சாலையில் கடந்து போவதற்கு அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் உங்கள் வழி சாலை, சாலை மட்டும்தான்.

சட்டத்தை விடுங்கள், இன்னொரு காரணம் சொல்கிறேன். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. லாரியோ பைக்கோ வந்தால் யானைக்கு முன்பே தெரிந்துவிடும், விலகியோ நின்றோ விடும். நீங்கள் இறக்கத்தில் சத்தமே இல்லாமல் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வளைவைத் திரும்பி இருபது மீட்டரில் போய் நின்றால் அது மிரளும், மிரண்ட யானை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. கரடியும் உண்டு, அதுவும் அப்படித்தான். சாலையிலேயே போனாலும் காட்டுப்பகுதி முழுக்க மணி அடித்துக்கொண்டு, மூன்று பேரும் பேசிக்கொண்டே சேர்ந்து ஓட்டுங்கள். முன்னால் யானை தெரிந்தால் தூரத்திலேயே நின்று, வந்த வழியே திரும்பி, பஸ்ஸோ லாரியோ வரும்வரை காத்திருங்கள். போட்டோ எடுக்க நிற்காதீர்கள்.

டிசம்பர் வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கம் ராகி முற்றி அறுவடையாகிற நேரம் அது. பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைகள் கூட்டமாக ஜவளகிரி வழியாக இறங்கி, தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் வரை ராகிக் கொல்லைகளுக்கு வரும். விவசாயிகள் ராத்திரி எல்லாம் தூங்காமல் காவல் இருப்பார்கள், வனத்துறை ஆட்கள் விரட்டிக்கொண்டே இருப்பார்கள். விரட்டப்பட்ட கூட்டம் காலையில் எந்தச் சாலையைக் கடக்கும் என்று யாருக்கும் தெரியாது. மற்ற மாதங்களில் யானையே இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அந்த இரண்டு மூன்று மாதம் வேறு கணக்கு. மாசி, பங்குனியில் காட்டுத்தீ. என்னைக் கேட்டால் ஆவணிதான் சரி. ஆடிப்பெருக்குக் கூட்டம் முடிந்து ஒகேனக்கல்லில் அறையும் கிடைக்கும், வானம் மூடியிருக்கும், வெயில் அடிக்காது.

அரூர் சைக்கிள்:

மேலே அண்ணன் சொன்னதை அப்படியே கேளுங்கள். நான் வண்டியைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் உங்கள் கியர் போதாது.

29 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.3 மீட்டர் போகும். 32க்கு 42 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு 1.75 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6.3 கி.மீ. பத்து சதவீத ஏற்றத்தில் அந்த வேகம் என்பது மணிக்கு 630 மீட்டர் உயரம் ஏறுவது. நம்மைப் போன்றவர்கள் மணிக்கு 400 மீட்டர் ஏறினாலே நல்ல ஓட்டம். அப்போது என்ன ஆகும்? கால் சுற்றாது, 40 சுற்றுக்கு இறங்கிவிடும், எழுந்து நின்று மிதிப்பீர்கள், வத்தல்மலை பாதி ஏறுவதற்குள் முழங்கால் பேச ஆரம்பிக்கும். முன்னால் 28 பல் போடுங்கள், செலவும் குறைவு. சமதளத்தில் வேகம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். பின்னால் 11 பல் இருந்தால் 80 சுற்றில் 28 கி.மீ. வருகிறது, இந்த வழியில் அதற்கு மேல் எதற்கு? மாற்றும்போது செயின் நீளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நேரத்துக்கும் அதே 400தான் அடிப்படை. ஒகேனக்கல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 250 மீட்டர், தேன்கனிக்கோட்டை சுமார் 900. வித்தியாசம் 650 என்று மேப் காட்டும், நம்பாதீர்கள், நடுவில் ஏறி இறங்கி ஏறுகிற சாலை அது. ஆயிரத்துக்கு மேல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தூரம் 85, 90 கி.மீ. வரும், சராசரி 12 கி.மீ. என்று போட்டால் ஓய்வோடு ஒன்பது மணி நேரம். காட்டுக்குள் விடியற்காலையிலும் போகக் கூடாது, சாயங்காலமும் கூடாது. அப்போது எட்டு மணிக்குக் கிளம்பி, பன்னிரண்டரைக்குள் அஞ்செட்டி, நான்குக்குள் தேன்கனிக்கோட்டை. ஒரு மணிக்கும் அஞ்செட்டி வரவில்லை என்றால் ஓட்டத்தை அங்கேயே முடித்துக்கொண்டு, டெம்போ பிடித்துச் சைக்கிளை ஏற்றிவிடுங்கள். இந்த முடிவைக் கிளம்பும் முன்பே மூன்று பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். களைத்த பிறகு பேசினால் யாராவது ஒருவர் "இன்னும் கொஞ்சம்தானே" என்பார்.

அப்புறம் முள். நம் ஊர்ச் சாலை ஓரம் முழுக்க சீமைக்கருவேலம். முள் டயருக்குள் ஏறி உடைந்து நுனி மட்டும் உள்ளே நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ட்யூபை மாற்றிவிட்டு அவசரமாகக் காற்றடித்தால் அரை கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர். பழைய பஞ்சுத்துணியை டயரின் உள்பக்கம் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. இடுக்கி வைத்து உள்பக்கமாகவே பிடுங்க வேண்டும். வெளியிலிருந்து தள்ளினால் இன்னும் உடையும். முடிந்தால் டியூப்லெஸ் ஆக்கி சீலண்ட் (ஓட்டையைத் தானே அடைக்கிற திரவம்) ஊற்றிவிடுங்கள், அப்படியும் ஆளுக்கு ஒரு ட்யூப் பையில் இருக்கட்டும்.

வத்தல்மலையில் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவு. ஏறுவது கஷ்டம், ஆனால் அடிபடுவது இறங்கும்போதுதான். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காதீர்கள், டிஸ்க் சூடேறிப் பிடிமானம் போய்விடும். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். மழைக்குப் பிறகு வளைவின் உள்பக்கம் மணல் வந்து சேர்ந்திருக்கும், மேலே வருகிற ஜீப்பும் பஸ்ஸும் சாலை முழுக்க எடுத்துத்தான் திரும்பும்.

கெலமங்கலம் 29:

ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். முதல் நாளில் வத்தல்மலையும் ஒகேனக்கல்லும் சேர்த்தால் 95 கி.மீ. ஆகிறது, அதில் பெரிய ஏற்றமும் ஒன்று. அது முடிந்து மறுநாள் அஞ்செட்டி சாலை என்றால் களைத்த உடம்போடு காட்டுக்குள் நுழைகிறீர்கள், நேரம் தவறப்போவது அந்த இடத்தில்தான். வத்தல்மலைக்குத் தனியாக ஒரு நாள் கொடுங்கள். மேலே காபி, மிளகுத் தோட்டங்கள், மலைவாழ் மக்களின் ஊர்கள் எல்லாம் இருக்கின்றன, ஏறிய உடனே திரும்பினால் எதற்கு ஏறினோம்? சவால் குறைந்துவிடும் என்று நினைத்தால் மறுவாரம் சித்தேரி மலை போங்கள், தர்மபுரி மாவட்டத்தில் ஏற்றத்துக்குப் பஞ்சமே இல்லை.

காட்டுப்பாதையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று உங்கள் நண்பர் சொன்னால், வனத்துறை 2024இல் ஆரம்பித்த ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் எங்கள் பக்கம் அய்யூர், சாமி ஏரி நடைபாதை இருக்கிறது. வழிகாட்டியோடு நடந்து போகலாம். சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

பாப்பாரப்பட்டி பையன்:

எல்லோருக்கும் நன்றி. புள்ளிக்கோட்டை விட்டாயிற்று, நண்பனிடம் மணி அடிக்கிற விஷயத்தைச் சொன்னதும் அவனே வேண்டாம் என்றுவிட்டான். டிசம்பரையும் விட்டாயிற்று. ஆவணியில், வத்தல்மலை ஒரு ஞாயிறு, ஒகேனக்கல் ஓசூர் அடுத்த வாரம். 28 பல் வாங்கச் சொல்லியிருக்கிறேன். கடைசியாக ஒன்று: நாட்றாம்பாளையத்தில் சாப்பாடு கிடைக்குமா, இல்லை கட்டிக்கொண்டு போக வேண்டுமா?

தேன்கனிக்கோட்டைக்காரன்:

டீ கிடைக்கும். சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள், ஒகேனக்கல்லிலேயே இட்லி பார்சல் வாங்கிக்கொண்டு, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு பாக்கெட் ஓஆர்எஸ் வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம், ஊருக்குள் வந்து சாப்பிடுங்கள். கிளம்பும்போது செக்போஸ்ட்டில் நின்று "இன்று யானை எந்தப் பக்கம்" என்று கேட்டுவிட்டுப் போங்கள், அவர்களுக்குத்தான் அன்றைய நிலவரம் தெரியும். போக வேண்டாம் என்று சொன்னால் திரும்பிவிடுங்கள். சிக்னல் பல இடத்தில் கிடைக்காது, அதனால் அஞ்செட்டிக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.