புதுப்பிப்பு: தலை எக்ஸ்ரேயில் மி.மீ. அளவு தப்பாக வந்த பிரச்சினை தீர்ந்தது

ஹட்டனில் பல் கிளினிக் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேயை இமேஜ்ஜே என்ற பட அளவீட்டு மென்பொருளில் அளந்தால் செல்லாவிலிருந்து (மண்டையோட்டின் அடியில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் குழி) நேசியன் (மூக்கெலும்பும் நெற்றியெலும்பும் சேரும் இடம்) வரை வெறும் 41 மி.மீ. காட்டுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில், "வாட்ஸ்அப்பில் வந்த படமா?" என்று கேட்ட தம்பி சொன்னது சரி. 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்த படம், 3000 பிக்சல் உயரம், 1600 ஆகச் சுருங்கியிருந்தது. மூலக் கோப்பை யூஎஸ்பியில் வாங்கி வந்து அளந்தேன். இப்போது 77. இதுவும் கொஞ்சம் கூடத்தான்.

சரியாக வேலை செய்தது அக்கா ஒருவர் சொன்ன வழி. டிபிஐயை வைத்து மி.மீ. கணக்கிடுவதை மறந்துவிட்டு, படத்திலேயே நெற்றிக்கு முன்னால் தெரியும் அளவுகோலைப் பிடிக்கச் சொன்னார். அதன் 40 மி.மீ. கோடுகளுக்கிடையே நேர்கோடு இழுத்தேன்: 520 பிக்சல். மென்பொருளில் பிக்சலை மி.மீ.க்கு மாற்றும் 'செட் ஸ்கேல்' என்ற இடத்தில் 40 என்று கொடுத்ததும் 70 மி.மீ. வந்தது. எக்ஸ்ரே விழும்போது தலை கொஞ்சம் பெரிதாகிப் பதிகிறது. தலையின் நடுக்கோட்டில் நிற்கும் அளவுகோலும் அதே அளவு பெரிதாவதால் கணக்கு நேராகிவிடுகிறது. செட் ஸ்கேலில் உள்ள 'குளோபல்' பெட்டியில் டிக் போடாதீர்கள், அடுத்த ஆளின் படத்துக்கும் அதே ஸ்கேல் ஒட்டிக்கொள்ளும்.

எதிர்பாராதது: எஸ்என்ஏ கோணம் (செல்லா, நேசியன், மேல்தாடை எலும்பின் முன்பக்கத்தில் உள்ள ஏ புள்ளி மூன்றையும் இணைக்கும்போது நேசியனில் வரும் கோணம்) மூன்று தடவையும் 82 பாகைதான். நீள அகலம் ஒரே விகிதத்தில் சுருங்கினால் கோணம் மாறாது. ஆனால் ஏ புள்ளியை மறுநாள் திரும்பக் குறித்தபோது ஒரு பாகை நகர்ந்தது. அது மென்பொருளின் பிழையல்ல, என் கைதான்.