கல்லூரி சேரும் முன்பே கேமிங் டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணலாமா, பொறுக்கலாமா? (பெங்களூரு, பட்ஜெட் 1 லட்சம்)

அல்சூர் ஏரி:
எல்லோருக்கும் வணக்கம். பியூசி முடித்துவிட்டு கேசிஇடி, காமெட்கே என்று கர்நாடக இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு ரெண்டும் எழுதியிருக்கிறேன், வேலூர் பக்கமும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். சீட் எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை. அப்பா ஒரு லட்சம் ஒதுக்கியிருக்கிறார், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாதாம். எனக்கு டெஸ்க்டாப் மேல்தான் ஆசை. எஸ்.பி. ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொட்டேஷன் வாங்கினேன்: ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் ஒரே ஸ்டிக், ஆர்டிஎக்ஸ் 5060 கிராஃபிக்ஸ் கார்டு, 1 டிபி எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கேபினெட். மானிட்டரைச் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டுகிறது. விளையாடுவது பெரும்பாலும் வாலரண்ட் என்ற ஆன்லைன் ஷூட்டிங் கேம்தான், அப்புறம் பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேர் கற்றுக்கொண்டிருக்கிறேன். "காலேஜுக்குத் தூக்கிட்டுப் போக முடியாத கம்ப்யூட்டர் எதுக்கு?" என்று அப்பா கேட்கிறார். லீவு முடிவதற்குள் கட்டிவிடலாமா?

மத்திகெரே:
தம்பி, கொட்டேஷன் மோசமில்லை. 5060 இழுப்பது 145 வாட், 7600 சாதுவான 65 வாட் ப்ராசஸர், அதனால் 550 வாட் தாராளம். ஆனால் வெறுமனே "550 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று எழுதித் தந்தால் ஒத்துக்கொள்ளாதே, எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று கேள், கடைக்காரர் லாபம் வைப்பதே அங்கேதான். ப்ராசஸர் சீல் வைத்த பெட்டியோடு வரவேண்டும், டிரே பீஸ் (பெட்டியில்லாமல் உதிரியாக விற்பது) என்றால் விலை கொஞ்சம் குறையும், மூன்று வருஷ கம்பெனி வாரண்டி இருக்காது. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் ஜிஎஸ்டி பில்லில் ஏற வேண்டும்.

ராமமூர்த்தி நகர்:
பாகங்களைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். நான் கேட்பது வேறு, சீட்டே தெரியாமல் எந்த மேஜைக்கு இந்த டவர்? நான் ஹாஸ்டலில் டெஸ்க்டாப் வைத்துப் படித்தவன், அனுபவித்து விளையாடினேன், அதில் குறையில்லை. ஆனால் கட்டிலுக்கு ஒரு 5 ஆம்பியர் பாயிண்ட், அதில் சிபியு, மானிட்டர், போன் சார்ஜர் எல்லாம், பத்து மணிக்கு ரூம்மேட் லைட்டை அணைக்கச் சொல்வான், மானிட்டர் வெளிச்சம் நேரே அவன் முகத்தில் அடிக்கும். வருஷக் கடைசியில் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், எல்லோரும் ஒரு பையோடு பஸ் ஏறுவார்கள், நான் ஒவ்வொரு முறையும் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் வைத்து, மானிட்டரை பெட்ஷீட்டில் சுற்றி, ஆட்டோவுக்கு டபுள் கொடுத்து... கார்டைக் கழற்றாமல் மட்டும் எடுத்துப்போகாதே, பஸ் குலுங்குகிற குலுக்கலில் ஸ்லாட்டே பெயர்ந்துவிடலாம். இன்னொன்று, நிறைய ஹாஸ்டல் நெட்வொர்க்குகளில் கேம் போர்ட்டுகளை அடைத்து வைத்திருப்பார்கள். வாலரண்டுக்கு மும்பையிலேயே சர்வர் இருந்தாலும் வார்டன் வைத்த ஃபயர்வாலைத் தாண்டினால்தானே.

அல்சூர் ஏரி:
தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி :) பெங்களூரிலேயே கிடைத்தால் வீட்டிலிருந்து மெட்ரோவில் போய்வருவேன். வேலூர் என்றால் ஹாஸ்டல்.

ஒயிட்ஃபீல்டு நைட் ஷிஃப்ட்:
பொறுக்கச் சொல்கிறவர்கள் ரேம் விலையைப் பார்த்தீர்களா? 2025 கடைசியிலிருந்து டிடிஆர்5 விலை ரெண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. உலகத்தில் டிரேம், அதாவது ரேமுக்கான சிப், செய்பவர்களில் பெரிய கை மூன்றே பேர்தான், சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். மூவருமே ஏஐ சர்வருக்கான மெமரி பக்கம் சாய்ந்துவிட்டார்கள், மைக்ரான் 2025 டிசம்பரில் க்ரூஷியல் பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. எஸ்எஸ்டியும் ஏறுகிறது. வாங்குவது உறுதி என்றால் இப்போதே வாங்கும்மா, கவுன்சலிங் முடியட்டும் என்று உட்கார்ந்தால் அதே பணத்துக்குக் குறைச்சலான மெஷின்தான் வரும்.

ராமமூர்த்தி நகர்:
லேப்டாப்பிலும் அதே ரேம்தானே சார், அந்த விலை மட்டும் ஏறாமலா இருக்கும்? ரேம் கொஞ்சம் ஏறும் என்ற பயத்தில் முழு லட்சத்தையும் தப்பான பெட்டியில் போடுவது என்ன கணக்கு?

மத்திகெரே:
சரி, தங்கச்சி என்று திருத்திக்கொள்கிறேன். வீட்டிலிருந்துதான் படிப்பாய் என்று ஆனால் ஒரு வழி சொல்கிறேன். தனி கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம், ரைசன் 5 8600ஜி ப்ராசஸர் எடு. அதற்குள்ளே இருக்கிற ரேடியான் 760எம் கிராஃபிக்ஸிலேயே வாலரண்ட் 1080பியில் நூறு ஃப்ரேமுக்கு மேல் ஓடும். ஒரே நிபந்தனை, ரேம் 8+8 என்று ரெண்டு ஸ்டிக்காக இருக்கவேண்டும், கொட்டேஷனில் இருப்பதுபோல் ஒரே 16 என்றால் கிராஃபிக்ஸ் நொண்டும், ஏனென்றால் அது தனி மெமரி இல்லாமல் இந்த ரேமைத்தான் பயன்படுத்துகிறது. 8600ஜியில் கார்டுக்கு 8 லேன்தான் (ப்ராசஸருக்கும் கார்டுக்கும் நடுவே டேட்டா போகும் பாதை) என்று யாராவது பயமுறுத்துவார்கள், 5060க்கே 8 லேன்தான் தேவை, பின்னால் போட்டாலும் சொல்லும்படி எதுவும் குறையாது. இந்த ப்ராசஸர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புது ப்ராசஸர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, போர்டு வீணாகாது. மிச்சப் பணத்தில் மானிட்டர், அப்புறம் வகுப்புக்கு ஒரு பழைய ஆபீஸ் லேப்டாப். பிளெண்டர் மட்டும் கார்டு வரும்வரை மெதுவாக ரெண்டர் ஆகும், கற்றுக்கொள்கிற நேரத்தில் மாடலிங்தான் அதிகம், பரவாயில்லை.

ஃப்ரேசர் டவுன் அக்கா:
வேலூர் என்றால் பேசாமல் லேப்டாப். ஆனால் கடையில் "5060 லேப்டாப்" என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதே. அதே பெயரில் ஒரு மாடலில் கார்டுக்கு 60, 70 வாட்தான் கொடுப்பார்கள், இன்னொன்றில் நூறுக்கு மேல் போகும், ரெண்டுக்கும் வேகம் வேறு. டிஜிபி, அதாவது கார்டுக்குக் கொடுக்கும் பவர், எத்தனை வாட் என்று ஸ்பெக்கில் தேடிப் பார். ரேம் போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறதா, ஸ்லாட் இருக்கிறதா என்றும் பார், பின்னால் கூட்டலாம். அடாப்டரோடு சேர்த்து மூன்று கிலோ சுமக்கத் தயாராக இரு. சார்ஜர் இல்லாமல் மதியம் வரை வந்தாலே பெரிது, நான் வகுப்பில் சுவரோரப் பெஞ்சுக்கு அடிபிடி போட்டவள்.

அல்சூர் ஏரி:
அப்பாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டினேன். கவுன்சலிங் வரை பணம் பேங்கில், ரேம் ஏறினால் ஏறட்டும். இங்கேயே சீட் என்றால் 8600ஜி, வெளியூர் என்றால் லேப்டாப். ஒரே ஒரு கேள்வி பாக்கி: எங்கள் வீட்டில் மழை வந்தால் கரண்ட் போய்விடும், வீட்டில் ஏற்கனவே 600 விஏ யுபிஎஸ் ஒன்று சும்மா கிடக்கிறது, 8600ஜிக்குத் தாங்குமா?

மத்திகெரே:
600 விஏ என்பது கிட்டத்தட்ட 360 வாட். கார்டு இல்லாதவரை மானிட்டரோடு தாங்கும், சேவ் பண்ணி ஷட் டவுன் செய்ய நேரம் கிடைக்கும், மேட்ச் முடிக்கக் கிடைக்காது. பேட்டரி பழசாக இருந்தால் முதலில் அதை மாற்று. கார்டு போடும்போது 1000 விஏ எடு. ஒன்று கவனி, நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற பவர் திருத்தும் சர்க்யூட் இருக்கும், சில மலிவு யுபிஎஸ் தரும் சதுர அலை மின்சாரம் அதற்கு ஒத்துவராமல் கரண்ட் போன நொடியே மெஷின் அணைந்துவிடும். வாங்கிய அன்றே, எஸ்எஸ்டியில் முக்கியமாக எதுவும் ஏற்றுவதற்கு முன்னால், யுபிஎஸ்ஸுக்குப் போகிற சுவர் ஸ்விட்சை ஆஃப் பண்ணிப் பார்த்துவிடு.