கலைச்சொல் விவாதம்: நீர்யாளியின் 'டெத் ரோல்' அசைவுக்குத் தமிழில் என்ன சொல்?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

மிகுபுனைவு (ஃபேன்டசி) எழுதுகிறவர்களுக்கான சொற்பட்டியலில் நீர்வாழ் டிராகன் பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. காலும் பெருந்தாடையும் உள்ள உருவத்துக்கு நீர்யாளி, காலில்லாத நெடிய உருவத்துக்கு நீர்நாகம் என்று முடிவு செய்துகொண்டோம். வேதாகமத் தமிழில் வரும் வலுசர்ப்பம் நல்ல சொல்தான். ஆனால் வெளிப்படுத்தின விசேஷத்தின் நினைவு கூடவே வருவதால் அதைத் தொடவில்லை.

மிச்சம் நிற்பது 'டெத் ரோல்'. முதலை இரையைக் கவ்விக்கொண்டு தன் உடம்பையே உருட்டிச் சதையைப் பிய்த்தெடுக்கும் அசைவு இது. நீர்யாளி வரும் கதைகளில் வேட்டைக்கும் சண்டைக்கும் இதைத்தான் எடுத்தாள்கிறார்கள். 'மரணச் சுழற்சி' என்று எழுதுகிறார்கள், சிலர் 'சாவுச் சுழல்'. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. சுழல் என்றால் நீர்ச்சுழல்தான் முதலில் மனத்தில் வரும். படித்துவிட்டுப் படம் வரைகிறவர், யாளி தன் வாலைத் தானே துரத்துவதுபோல் வட்டமடிப்பதாக வரைந்துவிடுகிறார்.

என் முன்மொழிவு: முறுக்குப்புரட்டு. குறை இருந்தால் சொல்லுங்கள்.

மடல் 2

அக்கா, வணக்கம். சொல்லுக்கு முன் அசைவைப் பார்த்துவிடுவோம். அசைவு தெளிவானால் பாதிச் சொற்கள் தாமாகவே விழுந்துவிடும்.

முதலைப் பல் கூம்பு வடிவம். துளைத்துப் பிடிக்கும், அறுக்காது. நாய்க்கும் புலிக்கும் கடைவாயில் இருக்கும் கத்தரிப்பல் முதலைக்குக் கிடையாது, மெல்லவும் தெரியாது. உவர்நீர் முதலையின் கடி சுமார் 16,000 நியூட்டன் அளவுக்கு அளக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவு வலுவாகக் கடித்தாலும் ஒரு மானின் தொடையிலிருந்து வாய்கொள்ளும் துண்டை வெட்டி எடுக்க அதனால் முடியாது. உருளும் தேவை அங்கேதான் வருகிறது.

நடப்பது இதுதான். கவ்வியதும் நான்கு கால்களையும் உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்கிறது. தலையும் வாலும் நடு உடம்பின் நேர்கோட்டிலிருந்து விலகி வளைகின்றன. அமெரிக்க அலிகேட்டர் குட்டிகளைப் படமெடுத்து 2007-இல் வெளியான ஆய்வில் தலை வளைவு சுமார் 49 பாகை, வால் வளைவு சுமார் 103 பாகை. இப்படி வளைந்த நிலையில் முதுகு வயிறாக, வயிறு முதுகாக, தன் நீளவாட்டு அச்சிலேயே உடம்பு உருள்கிறது. நொடிக்கு 1.6 சுற்று. நீரைக் காலால் உதைத்துத் தொடங்கும் உருளல் இது இல்லை. தலையும் வாலும் வளைந்திருக்கும் விதத்தால் ஒரு பகுதி ஒரு பக்கம் திரும்ப, மற்றது எதிர்ப்பக்கம் திரும்பி ஈடுகட்டுகிறது. தலைகீழாக விழும் பூனை காற்றில் திரும்பிக் காலூன்றுவதும் இதே கணக்கில்தான். 3 மீட்டர் அலிகேட்டருக்கு மூக்கு நுனியில் 138 நியூட்டன் பிய்ப்பு விசை கிடைக்கும் என்று அதே ஆய்வு கணக்கிட்டது. ஏறக்குறைய 14 கிலோ தொங்கும் எடை. பல் ஏற்கெனவே துளைத்துவைத்த தசைக்கு அது போதும். உடல் பெரிதாகப் பெரிதாக இந்த விசை நீளத்தைவிட வேகமாக ஏறுகிறது.

இனி சொல். வட்டமடிப்பு இல்லாததால் 'சுழற்சி' போகட்டும். 'மரணம்' கட்டாயமில்லை: செத்து மிதக்கும் உடலைத் துண்டாக்கவும் முதலை இதைச் செய்கிறது, தீனிக்கு இரண்டு முதலைகள் மோதும்போதும் செய்கிறது. விளைவை வைத்துப் பெயரிட்டால் இந்த இடங்களில் பெயர் பொய்யாகிவிடும்.

'புரட்டு' எனக்கு உறுத்துகிறது. 'அது புரட்டு', 'பித்தலாட்டம், புரட்டு' என்று நாளும் பேசுகிறோம். 'யாளியின் புரட்டு' என்று ஒரு வரி வந்தால் வாசகர் ஏமாற்று என்றே படிப்பார்.

மடல் 3

> இனி சொல்.

ஐயா, விளக்கம் கண்முன் நிறுத்திவிட்டது. மொழிப் பக்கத்திலிருந்து என் கருத்து.

'முதலைப்பிடி' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா என்னும் பழமொழியில் உள்ள பொருள் விடாமை. அது கவ்வுதலோடு நின்றுவிடுகிறது. நமக்கு வேண்டியது அதற்கடுத்த அசைவு. இன்னொருவர் குறிஞ்சிப்பாட்டில் முதலை, இடங்கர், கராம் என்று மூன்று வருவதைக் காட்டி 'இடங்கர்ப்புரளல்' என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் இடங்கர் எந்த இனம் என்று உரைகளைக் கொண்டு உறுதிசெய்ய முடியாதபோது, ஓர் அசைவுக்கு அதன் பெயரை ஏற்றுவது அடித்தளமில்லாத வீடு.

'முறுக்கு' பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டும். முறுக்கினால் நார் நாரோடு சேர்கிறது. கயிறு உருவாகிறது, நூல் வலுக்கிறது. முறுக்குதல் சேர்ப்பது. 'திருகு' அப்படியில்லை. பலாக்காயைத் திருகிப் பறிக்கிறோம், கீரைத்தண்டைத் திருகி ஒடிக்கிறோம், கோழிக்கழுத்தைத் திருகுகிறோம். பிடித்த இடம் கையோடு வர, காம்பு அற்றுப்போகிறது. முதலை செய்வது அப்படியே இதுதான்: வாய் பிடி, உடம்பு கை, இரையின் மூட்டு காம்பு. இந்த நுட்பத்தைத் தமிழ் ஏற்கெனவே ஒரு வினைக்குள் வைத்திருக்கிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

ஆகவே: திருகுபுரளல்.

வினைத்தொகை. சுடுசோறு, ஊறுகாய் போல நடுவில் வல்லினம் மிகாது. 'திருகுப்புரளல்' என்று ப் போட்டு எழுத வேண்டாம். 'புரளல்' தன்வினை என்பதால் உருள்வது யாளியே என்பதும் தெளிவு, புரட்டின் ஏமாற்றுப் பொருளும் ஒட்டாது. இன்னொரு பயன் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்தச் சொல் வினையாக விரியும்: திருகிப்புரண்டது, திருகிப்புரள்கிறது, திருகிப்புரளவிடாமல். 'மரணச் சுழற்சி செய்தது' என்று எழுதினால் சண்டைக்காட்சி அலுவலகக் கடிதமாகிவிடும்.

மடல் 4

திருகுபுரளலுக்கு என் ஒப்புதல். கதை எழுதும் பக்கத்திலிருந்து மூன்று கேள்விகள்.

ஒன்று, இறக்கை. எங்கள் யாளிகளில் பாதிக்கு இறக்கை உண்டு. விரித்தபடி புரள முடியுமா? இரண்டு, நீர்நாகம் 12 மீட்டர் நீளம், தென்னை மரப் பருமன். அதுவும் திருகிப்புரளுமா? மூன்று, யாளி யாளியைக் கவ்வினால் மற்றது எப்படித் தப்பும்? தப்பும் வழிக்கும் ஒரு சொல் வேண்டும்.

மடல் 5

தம்பி, வரிசையாகவே சொல்கிறேன்.

இறக்கை விரிந்திருந்தால் புரள முடியாது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி. நொடிக்கு ஒன்றரைச் சுற்றில் உருளும் உடம்பில் 4 மீட்டர் இறக்கை விரிந்திருந்தால் அதன் நுனி நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் நீரைக் கிழித்துப் போக வேண்டும். உருளலே நின்றுவிடும், அல்லது இறக்கையின் மெல்லிய எலும்பு தோள்பட்டையில் ஒடியும். மடக்கி விலாவோடு ஒட்டிக்கொண்டால்தான் நடக்கும். அதனால் எதிரி செய்ய வேண்டியது என்ன என்பதும் தெரிகிறது: யாளி கவ்விய அந்த நொடியில் ஓர் இறக்கையையோ முன்னங்காலையோ மடங்கவிடாமல் பிடித்துவிட வேண்டும். ஈட்டிக்காரன் தலையைக் குத்துவதாக எழுதுவதைவிட அக்குளில் ஈட்டியைச் செருகி நிறுத்துவதாக எழுதினால் அறிவியலும் நிற்கும், காட்சியும் நிற்கும்.

தாடை வடிவத்தையும் கவனியுங்கள். சொம்புமூக்கு முதலையின் தாடை மெலிந்து நீண்டது. மீனைப் பக்கவாட்டில் வீசிக் கவ்வ அது அருமையான கருவி. பெரிய விலங்கைக் கவ்வித் திருகினால் அந்த மெல்லிய தாடையே காம்பாகிவிடும். திருகிப்புரளும் யாளிக்கு அகன்ற, தடித்த தாடை கொடுங்கள்.

நீர்நாகத்துக்கு வருகிறேன். நீண்ட மெல்லிய உடம்பும் புரளும். விலாங்குகள் பெரிய இரையைக் கவ்வி நொடிக்கு 14 சுற்றுவரை உருள்வது பதிவாகியிருக்கிறது. உடம்பு பெரிதாகும்போது வேகம் குறையும், 12 மீட்டரில் அந்த வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. அதற்குப் பொருத்தமான இன்னொரு உத்தி அஞ்சாளை என்னும் விலாங்கு வகைக் கடல்மீனிடம் இருக்கிறது. கவ்விய பிறகு வால் பக்கம் உடம்பில் முடிச்சு விழச்செய்து, அந்த முடிச்சைத் தலைநோக்கி நகர்த்தி, இரையின் மேல் அழுத்தி ஊன்றித் தன் தலையைப் பின்னுக்கு இழுக்கும். துண்டு வாயோடு வந்துவிடும். இதற்கு 'முடிச்சிழுப்பு' என்று சொல்லலாமா? நீர்நாகச் சண்டைக்கு இது திருகுபுரளலைவிட மிரட்டலான காட்சி.

நீச்சல் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் பட்டியல் பிழையாகும். செதிலுள்ள ஊர்வன முதுகெலும்பைப் பக்கவாட்டில் வளைக்கும். முதலையும் உடும்பும் வாலை இடவலமாக வீசித்தான் நீந்துகின்றன. திமிங்கிலம் பாலூட்டி, அதனால் மேல்கீழ். யாளியைப் பல்லி இனமாக வைத்தால் வால் துடுப்பு செங்குத்தாக நிற்க வேண்டும். வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நன்றாக நீந்தும் விலங்குகளில் வால் ஒரு நொடியில் அடிக்கும் எண்ணிக்கையை வீச்சகலத்தால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் விடை பெரும்பாலும் 0.2-க்கும் 0.4-க்கும் நடுவில் விழும். 12 மீட்டர் யாளி, வீச்சகலம் 2.4 மீட்டர், வேகம் நொடிக்கு 6 மீட்டர் என்றால் நான்கு நொடிக்கு மூன்று முழு வீச்சு. 'வால் மின்னலாய்த் துடித்தது' என்று எழுதினால் கணக்கு உதைக்கும். பேருடல் மெதுவாக வீசும், அந்த மெதுவில்தான் அச்சம்.

மூன்றாவது கேள்விதான் இந்த மடலிலேயே எனக்குப் பிடித்தது. திருகுபுரளல் வேலைசெய்ய இரை அசையாமல் நிற்க வேண்டும். அது கனமாக இருக்கலாம், கரையில் காலூன்றியிருக்கலாம், வேரில் சிக்கியிருக்கலாம், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் இன்னொரு முதலை பிடித்திருக்க வேண்டும். சிறிய இரை கூடவே சுற்றிவிடும், எதுவும் கிழியாது. சண்டையில் தப்பும் வழி அங்கே இருக்கிறது. கவ்வப்பட்ட யாளி எதிர்த்து விறைக்காமல், அதே திசையில் அதே வேகத்தில் தானும் உருண்டால் மூட்டில் திருகல் ஏறாது. இதற்கு உடன்புரளல் என்ற பெயர் போதும். அரைச் சுற்று பிந்தினால்கூடத் தோள் கழன்றுவிடும். தாக்கும் யாளி இதை முறியடிக்க நடுவில் சட்டென்று திசை மாற்றும். கதையில் தேர்ந்த யாளிக்கும் குட்டி யாளிக்கும் வேறுபாடு காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இந்தச் சண்டை நெடுநேரம் ஓடாது. முதலையின் தசை இத்தகைய வேகத்தை உயிர்வளி இல்லாத வழியில் பெறுகிறது. லாக்டிக் அமிலம் இரத்தத்தில் ஏறிவிடும். பிடிபடும்போது நெடுநேரம் போராடிய பெரிய முதலைகள் பிறகு அதனாலேயே செத்ததும் உண்டு. சில புரளல், ஓய்வு, மறுபடி சில புரளல். விடிய விடியப் புரண்டதாக எழுத வேண்டாம்.

மடல் 6

இருவருக்கும் நன்றி. பட்டியலில் இப்படி ஏற்றியிருக்கிறேன்:

திருகுபுரளல் – பெயர். கவ்விய பிடியை விடாமல், கால்களையும் இறக்கைகளையும் ஒட்டி மடக்கி, உடலின் நீளவாட்டு அச்சில் உருண்டு இரையின் தசையையோ மூட்டையோ திருகிப் பிரித்தெடுத்தல். வினை: திருகிப்புரள். எ-டு: 'துறையில் நீர் அருந்திய எருமையின் முன்னங்காலைக் கவ்விய நீர்யாளி மூன்றுமுறை திருகிப்புரண்டது, நான்காவதில் கால் கழன்று வந்தது.'

உடன்புரளல், முடிச்சிழுப்பு இரண்டும் தனி உள்ளீடுகள்.

எடுத்துக்காட்டு வரிக்குப் பிறகு 'தலையை நீருக்கு மேல் உயர்த்தி விழுங்கியது' என்று சேர்க்கட்டுமா?

மடல் 7

கட்டாயம் சேருங்கள். முதலையின் வாய்க்குள் பின்புறம் ஒரு தடுக்கிதழ் இருக்கிறது. நீரடியில் வாய் திறந்திருந்தாலும் தொண்டைக்குள் நீர் போகாமல் அது அடைத்துக்கொள்ளும். விழுங்க அதைத் திறந்தாக வேண்டும், அதனால்தான் தலை மேலே வருகிறது. அந்தச் சில நொடிகள் யாளியின் தொண்டை திறந்து, கண் வானத்தைப் பார்த்து நிற்கும். வேட்டைக்காரன் காத்திருக்க வேண்டிய நேரமும் அதுதான்.

அசைவு 'முதுகு வயிறாக, வயிறு முதுகாக' என்று முன்பு எழுதியதையும் வரையறைக்குள் கொண்டுவந்துவிடுங்கள் அக்கா. 'நீளவாட்டு அச்சு' புரியாத ஓவியருக்கு அது புரியும்.